தோட்டத்து ஒற்றுமையும் பட்டணத்து ஒற்றுமையும்: ஒரு கணக்கு



ஆலய ஆண்டு மலரில் கணக்குப் பாடமா என்று சிலர் நினைக்கக்கூடும். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நமது அறநிலையம் நடத்தும் ஈமச்சடங்கு உதவி நிதி, முதியோர் உதவி நிதி ஆகிய இரண்டையும் எந்தப் பகுதிக்கு எவ்வளவு ஒதுக்குவது என்று நிர்வாகக் கூட்டத்தில் பேச்செடுத்தால் ஒரு வாக்கியம் தவறாமல் வந்து விழும். "தோட்டத்து ஜனங்க ஒத்துமையா இருப்பாங்க. டவுன்லதான் பக்கத்து வீட்டுக்காரன் யாருன்னே தெரியாது." இதிலிருந்து ஒருவர், ஒற்றுமையுள்ள இடத்தில் பணம் வீணாகாது, ஆகவே தோட்டங்களுக்கே கொடுங்கள் என்பார். மற்றொருவர், ஆதரவில்லாத இடத்துக்குத்தான் உதவி தேவை, ஆகவே பட்டணத்துக்குக் கொடுங்கள் என்பார். இருவரும் ஒரே வாக்கியத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அண்மையில் ஒரு நல்ல யோசனை வந்தது. ஒவ்வொரு குடும்பத்தையும், "அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவீர்கள்?" என்று கேட்டு எழுதி வாங்குவது, அதிலிருந்து பகுதிவாரியாக ஒற்றுமைக்கு ஓர் எண் கண்டுபிடித்து அட்டவணை போடுவது. யோசனையை வரவேற்றேன், அட்டவணையை மட்டும் எதிர்த்தேன். 40 குடும்பம் உள்ள தோட்டத்தையும் 1000 குடும்பம் உள்ள பட்டணத்தையும் ஒரே வரிசையில் எழுதிப் பெரிது சிறிது பார்க்க முடியாது என்றேன். "அப்படியானால் மலரில் எழுதி விளக்குங்கள், சார்" என்றார் தலைவர். எழுதுகிறேன்.

முக்கோணம்

மூன்று குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். எனக்கு ராமையாவைத் தெரியும், லெட்சுமியம்மாவையும் தெரியும். அவர்கள் இருவருக்கும் ஒருவரையொருவர் தெரிந்திருந்தால் எங்கள் மூவரையும் கோடு போட்டு இணைக்கும்போது ஒரு முக்கோணம் கிடைக்கும். தெரியாவிட்டால் முக்கோணத்தின் ஒரு பக்கம் திறந்தே கிடக்கும். இனி எனக்குப் பத்துக் குடும்பங்களைத் தெரியும் என்று கொள்வோம். பத்துப் பேரை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 45 ஜோடிகள். அந்த 45இல் 9 ஜோடிகள் தங்களுக்குள் அறிமுகமானவை என்றால், என்னைச் சுற்றியுள்ள நெருக்கம் 45க்கு 9, அதாவது 0.20. இப்படியே ஒவ்வொருவருக்கும் கணக்கிட்டுச் சராசரி எடுத்தால் அந்த ஊருக்கான எண் கிடைக்கும். எல்லா ஜோடியும் அறிமுகமானால் 1. ஒன்றுமே இல்லையென்றால் 0. ஆய்வாளர்கள் இதைக் கொத்தளவு என்ற பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். நான் முக்கோண அளவு என்றே எழுதுகிறேன். மனத்தில் படம் நிற்கும்.

நம் தோட்டங்களில் முக்கோணம் நிறைந்திருந்ததற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. டான் சாய் யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கிலும், பிறகு பெரிய அளவில் புக்கிட் அசகானிலும் ரப்பர் நட்ட நாள்தொட்டு மலாக்கா மாநிலத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. கங்காணி தன் சொந்த ஊருக்குப் போய்த் தன் உறவையும் அண்டை அயலையும் அழைத்து வந்தார். கப்பலில் ஏறும்போதே அவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். இந்திய அரசு தொழிலாளர் பயணத்துக்குத் தடை விதித்த 1938 வரை இது நடந்தது. வந்தவர்களுக்கு ஒரே வரிசையில் லயத்து வீடு, ஒரே தண்ணீர்க் குழாய், ஒரே பிரட்டுக் களம், ஒரே மாரியம்மன் கோயில். முக்கோணம் உண்டாகாமல் என்ன செய்யும்?

பிறகு தோட்டத் துண்டாடல் வந்தது. அதைத் தடுத்து நிறுத்தத்தான் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஆனாலும் நிலங்கள் கைமாறின, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின. மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சென்றார்கள். ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, மலாக்கா நகரம் என்று சிதறியவர்களை எண்ணிப் பார்க்கும்போது, "பட்டணத்துக்குப் போனதும் மனசு மாறிப்போச்சு" என்று சொல்லத் தோன்றுகிறது. மனசு மாறியதா, ஊர் பெரிதானதா? இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்குத்தான் கணக்கு.

குலுக்குச் சீட்டு

மனித மனத்தை ஒதுக்கிவிட்டு, உறவைக் குலுக்குச் சீட்டில் தீர்மானிப்பதாகக் கற்பனை செய்யுங்கள். கணக்குக்காக ஒரு தோட்டத்தில் 41 குடும்பங்கள். ஒவ்வொன்றுக்கும் சீட்டு எடுத்துப் பத்து அறிமுகம் கொடுக்கிறோம். என்னுடைய அறிமுகங்களில் ஏதேனும் இருவருக்குள் பழக்கம் இருக்க வாய்ப்பு 40க்கு 10, அதாவது 0.25. யாரும் யாரிடமும் அன்பு காட்டாமலேயே, வெறும் சீட்டிலேயே, 45 ஜோடிகளில் சராசரியாகப் பதினொன்று அறிமுகமாகிவிடும். இனிப் பட்டணத்தில் 1001 குடும்பங்கள். அங்கும் ஒவ்வொன்றுக்கும் அதே பத்து அறிமுகம். வாய்ப்பு 1000க்கு 10, அதாவது 0.01. 45 ஜோடியில் ஒன்றுகூடத் தேறாது. இரண்டு இடத்திலும் சீட்டு ஒன்றுதான், ஆளுக்குப் பத்து அறிமுகமும் ஒன்றுதான். வேறுபாடு ஊரின் அளவில் மட்டுமே.

இப்போது உண்மையில் கேட்டு எழுதியதில் தோட்டத்துக்கு 0.50, பட்டணத்துக்கு 0.20 வந்ததாக வைத்துக்கொள்வோம். (இவை எடுத்துக்காட்டுக்காக நான் போட்ட எண்கள், நம் பகுதியில் யாரும் இன்னும் அளக்கவில்லை.) நேராகப் பார்த்தால் தோட்டம் இரண்டரை மடங்கு மேல். சீட்டோடு ஒப்பிட்டால் தோட்டம் தன் சீட்டு எண்ணைப்போல் 2 மடங்கு, பட்டணமோ 20 மடங்கு! "டவுன்ல யாருக்கும் யாரையும் தெரியாது" என்று சொன்னவர்கள் இப்போது என்ன சொல்வார்கள்?

அவசரப்பட வேண்டாம். இந்த மடங்குக் கணக்கிலும் ஒரு பொறி உண்டு. தோட்டத்தில் எல்லாரும் எல்லாருடைய முக்கோணத்தையும் மூடிவிட்டாலும் எண் 1ஐத் தாண்டாது, 0.25க்கு 1 என்பது 4 மடங்குதான். பட்டணத்துக்கு 100 மடங்கு வரை இடம் இருக்கிறது. நாலு மார்க்குக் கேள்வியில் இரண்டு வாங்கிய மாணவனையும் நூறு மார்க்குக் கேள்வியில் இருபது வாங்கிய மாணவனையும் 2, 20 என்று ஒப்பிடுவதுபோல்தான் இது. சரி, சீட்டைத் தாண்டி மிச்சமிருக்கும் இடத்தில் எத்தனை பங்கு நிரப்பினார்கள் என்று பார்ப்போம். தோட்டம் 0.75இல் 0.25, மூன்றில் ஒரு பங்கு. பட்டணம் 0.99இல் 0.19, ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. மறுபடி தோட்டம் மேலே. மூன்று அளவுகோல், மூன்று விடை. தகவலில் ஒரு புள்ளிகூட மாறவில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த சிக்கல் அன்று. டங்கன் வாட்ஸ், ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸ் என்ற இருவர் 1998இல் 'நேச்சர்' இதழில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலேயே இது தலைகாட்டுகிறது. ஒரு சிறு புழுவின் 282 நரம்பணுக்களுக்கு முக்கோண அளவு 0.28, சீட்டில் வருவது 0.05. திரைப்பட நடிகர்கள் 2,25,226 பேருக்கு 0.79, சீட்டில் வருவது 0.00027. புழுவுக்கு ஐந்தரை மடங்கு, நடிகர்களுக்கு ஏறக்குறைய 2,900 மடங்கு. ஆகவே நடிகர்கள் புழுவின் நரம்பைக் காட்டிலும் ஐந்நூறு மடங்கு நெருங்கியவர்கள் என்று சொல்லலாமா? அந்த ஆசிரியர்கள் சொல்லவில்லை. இரண்டுமே தத்தம் சீட்டை விட உயர்ந்தவை என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

நடிகர்களின் எண் அவ்வளவு உயர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது நமக்கு மிகவும் வேண்டியது. ஒரே படத்தில் நடித்தவர்கள் எல்லாரும் ஒருவரோடொருவர் இணைந்தவர்கள் என்று கணக்கிடப்பட்டது. நாமும் வேலை மிச்சம் என்று உபயப் பட்டியலை வைத்து உறவு வலை வரைந்தால் இதுவேதான் நடக்கும். ஒரே நாள் உபயத்தில் 20 குடும்பங்கள் இருந்தால் 190 ஜோடிகளும் 1140 முக்கோணங்களும் ஒரு பேனாக் கோட்டில் பிறந்துவிடும். அந்த இருபதில் பாதிப் பேர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்திருக்கக்கூட மாட்டார்கள்! 2001இல் நியூமன் என்பவர் மேற்சொன்ன இருவரோடு சேர்ந்து அமெரிக்கப் பெருநிறுவனங்களின் இயக்குநர் குழுக்களை ஆராய்ந்தார். யார் எத்தனை குழுவில் இருக்கிறார், ஒவ்வொரு குழுவிலும் எத்தனை பேர் என்பதை மட்டும் வைத்துக் கணக்கிட்டபோது வந்த எண் 0.590, உண்மையான எண் 0.588. அதாவது குழுவில் உட்கார்ந்ததாலேயே வந்த முக்கோணம்தான் அத்தனையும். நிர்வாகக் குழுவில் பல ஆண்டு இருந்தவன் என்ற முறையில் எனக்கு இதில் வியப்பில்லை.

சராசரியா, மொத்தமா?

இன்னொரு குழப்பமும் உண்டு. முக்கோண அளவு என்ற ஒரே பெயரில் இரண்டு கணக்குகள் புழங்குகின்றன. ஒன்று, மேலே சொன்னபடி ஆளுக்கு ஆள் கணக்கிட்டுச் சராசரி எடுப்பது. மற்றொன்று, ஊரிலுள்ள எல்லா ஜோடிகளையும் ஒரே குவியலாகக் கொட்டி, மொத்தத்தில் எத்தனை மூடியிருக்கின்றன என்று பார்ப்பது. சிறு ஊரில் இரண்டும் அருகருகே வரலாம். பெரிய ஊரில் எதிரெதிர்த் திசையில் ஓடவும் கூடும்.

கோயில் குருக்களை நடுவில் வையுங்கள். சுற்றிலும் பத்துக் குடும்பங்கள். எல்லாருக்கும் குருக்களைத் தெரியும், அத்தோடு ஒவ்வொரு குடும்பத்துக்கும் பக்கத்து வீடு ஒன்றை மட்டும் தெரியும். காற்றாடி போல ஐந்து முக்கோணங்கள் கிடைக்கும். சராசரிக் கணக்கில் 0.92; குவியல் கணக்கில் 0.27. இதையே நூறு குடும்பங்களாக்குங்கள். சராசரி 0.99க்கு ஏறும்; குவியல் 0.03க்கு இறங்கும். ஏனெனில் குருக்கள் ஒருவரிடமே 4,950 ஜோடிகள் இருக்கின்றன. அவற்றில் 50 மட்டுமே அறிமுகமானவை. ஒரு வீட்டின் வாழ்க்கையிலும் எந்த மாற்றமும் இல்லை. ஊர் பெருத்தது, அவ்வளவே. செங் சன்னாசிமலை மாசிமகக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆயிரக்கணக்கில் திரண்ட கூட்டத்தில் யாருக்கு யாரைத் தெரியும் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு பாயிலும் உட்கார்ந்திருப்பது ஒரு குடும்பமும் அதன் சொந்தங்களும்தான்.

இந்தக் காற்றாடியில் மாறாமல் நிற்கும் அளவு ஒன்று உண்டு. ஒவ்வோர் உறவுக் கோட்டையும் எடுத்து, "இந்த இருவருக்கும் பொதுவாகத் தெரிந்த மூன்றாமவர் ஒருவராவது உண்டா?" என்று கேட்பது. காற்றாடியில் பத்துக் குடும்பமானாலும் நூறானாலும் எல்லாக் கோட்டுக்கும் மூன்றாமவர் உண்டு; விடை நூறு சதவீதம். மேத்யூ ஜாக்சன் என்ற பொருளியல் அறிஞரும் அவருடைய தோழர்களும் கர்நாடகத்தின் 75 கிராமங்களில் இதைப் பார்த்து 2012இல் வெளியிட்டார்கள். அரிசி, மண்ணெண்ணெய், கைமாற்று இவற்றைக் கொடுத்து வாங்கும் உறவுகளில், முக்கோண அளவைவிட இந்த மூன்றாமவர் அளவு மிகவும் உயர்ந்திருந்தது. காரணம் நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்ததுதான்: கைமாற்று வாங்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால் பொதுவான ஒருவருக்குத் தெரிந்துவிடும்.

ஆனால் இதற்கும் ஊரின் அளவு பொருட்டில்லை என்று நினைக்கக் கூடாது. முன்பு சொன்ன அதே குலுக்குச் சீட்டில், 41 குடும்பத் தோட்டத்தில் பத்தில் ஒன்பது உறவுகளுக்குமேல் மூன்றாமவர் தானாகக் கிடைத்துவிடுவார். 1001 குடும்பப் பட்டணத்தில் நூற்றுக்கு எட்டுதான்.

இங்கேதான் நான் சொல்லவந்த இடம். நாம் இரண்டு வேறு கேள்விகளை ஒரே வாயால் கேட்டுக்கொண்டிருக்கிறோம். "இரவு இரண்டு மணிக்கு ஒரு வீட்டில் உயிர் போனால், செய்தி எத்தனை கை மாறும், யார் வந்து நிற்பார்?" என்பது ஒரு கேள்வி. இதற்குச் சீட்டோடு ஒப்பிட வேண்டியதே இல்லை. முக்கோணம் அன்பால் வந்ததா, ஊர் சிறிதாக இருந்ததால் வந்ததா என்று துக்க வீட்டார் பார்ப்பதில்லை. ஆள் வந்தால் போதும். நிதி ஒதுக்க நேரடி எண்தான் வேண்டும். "பட்டணத்து மக்கள் மனம் குறுகிப் போனார்களா?" என்பது வேறு கேள்வி. இதற்குச் சீட்டோடு ஒப்பிடாமல் ஒரு சொல்லும் சொல்லக் கூடாது. கூட்டத்தில் நடப்பது என்னவென்றால், முதல் கேள்விக்கு உரிய எண்ணை எடுத்துக்கொண்டு இரண்டாம் கேள்விக்குத் தீர்ப்புச் சொல்கிறோம். அடுக்குமாடியின் நாலாவது மாடியிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் வந்து விளக்கேற்றும் அம்மாவை, அவர் குடியிருக்கும் ஊர் பெரிது என்ற குற்றத்துக்காகக் கண்டிக்கிறோம்.

வழிபாட்டுக்கும் இந்தக் கோடுகளுக்கும் தொடர்பு உண்டா என்று உபயக்காரர்கள் கேட்கலாம். உண்டு. எலனோர் பவர் என்ற ஆய்வாளர் தமிழ்நாட்டில் இரண்டு கிராமங்களில் தங்கி, யார் யாருக்கு உதவுகிறார்கள், யார் எப்படி வழிபடுகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டார். 2017இல் முடிவை வெளியிட்டார். தவறாமல் கோயிலுக்கு வருகிறவர்கள், பூக்குழி இறங்குவதுபோல் பலரறியச் சிரமமான நேர்த்திக்கடன் செலுத்துகிறவர்கள் பிறருக்கு உதவும் வாய்ப்பு அதிகம். அவர்களுக்குத் தேவை வரும்போது பதில் உதவி கிடைக்கும் வாய்ப்பும் அதிகம். எனக்குப் பிடித்தது அவர் கையாண்ட முறை. இரண்டு ஊருக்கும் ஒவ்வோர் எண் போட்டு எது பெரிது என்று அவர் நிற்கவில்லை. ஒவ்வோர் ஊரின் வலையையும் தனித்தனியே எடுத்து, அந்த ஊரில் இயல்பாகவே உள்ள முக்கோணப் போக்கைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு, அதற்கு மேலும் பக்தி ஏதாவது சேர்க்கிறதா என்று பார்த்தார்.

கணக்கில் வராதவர்கள்

கடைசியாக, எனக்கு மிகவும் உறுத்தும் ஒன்று. முக்கோண அளவு கணக்கிட ஒருவருக்குக் குறைந்தது இரண்டு அறிமுகமாவது வேண்டும். ஒரே ஒருவரைத்தான் தெரியும், அல்லது ஒருவரையும் தெரியாது என்றால், அவரைச் சுற்றி ஜோடியே இல்லை. பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்க வேண்டிவரும். சிலர் அவரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறார்கள். சிலர் 0 என்று எழுதுகிறார்கள். பத்து வீடு உள்ள ஒரு மாடியில் ஆறு வீட்டார் தங்களுக்குள் நன்றாகப் பழகுகிறார்கள், நாலு வீட்டில் தனியாக முதியவர்கள் என்று கொள்ளுங்கள். நாலு பேரையும் நீக்கினால் அந்த மாடிக்கு 1.00, முழு மதிப்பெண்! சேர்த்தால் 0.60. முதல் முறையில் கணக்கிட்டால், தனித்திருப்பவர்கள் எத்தனை கூடினாலும் ஊரின் மதிப்பெண் குறையாது. நம் முதியோர் நிதி யாருக்காக ஏற்பட்டதோ அவர்களே அட்டவணையில் இல்லாமல் போவார்கள். தோட்டத்திலும் இப்படி ஒருவர் இருக்கலாம். ஆனால் லயத்தில் அவர் வீட்டுக் கதவு திறக்காவிட்டால் அடுத்த வீட்டார் தட்டிவிடுவார்கள். அடுக்குமாடியில் இரும்புக் கதவு.

ஆகவே நான் நிர்வாகத்தில் கேட்டுக்கொண்டது இதுதான். உபயப் பட்டியலை வைத்து வலை வரைய வேண்டாம், வீட்டாரையே கேட்போம். பட்டணம் முழுவதையும் ஒரு கூறாக்காமல், தோட்டத்தின் அளவை ஒத்த ஒரு தாமான் பகுதி, ஓர் அடுக்குமாடித் தொகுதி என்று பிரிப்போம். அதற்கு வெளியே உள்ள சொந்தங்களின் பெயரையும் விடாமல் எழுதுவோம், ஏனெனில் மெர்லிமாவில் இருக்கும் மகள் அலோர் காஜாவில் இருக்கும் தாய்க்கு அந்நியம் அல்லள். நேரடி எண் ஒரு பத்தியிலும் சீட்டு எண் அடுத்த பத்தியிலும் இருக்கட்டும். இரண்டையும் வகுத்து ஒன்றாக்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் முன்னால், முதல் பத்தியில், இரண்டு பெயர்கூட எழுத முடியாதவர்கள் எத்தனை பேர் என்று வரட்டும். பெயர்கள் நிர்வாகத்தைத் தாண்டி வெளியே போகா, மலரிலும் அச்சாகா.

படிவம் இந்த மலரோடு கைக்கு வரும். ஒரு பக்கம்தான், ஐந்து வரி இருக்கும். ஐந்தையும் நிரப்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு பெயரும் எழுதத் தோன்றாதவர்கள் தங்கள் வீட்டு எண்ணை மட்டும் குறித்து வெற்றுத் தாளாகவே அர்ச்சனைச் சீட்டு முகப்பில் கொடுத்துவிடலாம். படிக்கச் சிரமப்படும் முதியவர்கள் பக்கத்தில் இருந்தால், அன்பர்கள் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.